மேலே வருவதற்கான காற்று

தென்னாப்பிரிக்காவின் உம்கொமாஸில் ஸ்கூபா டைவ் முடித்துப் படகு மணலில் ஏறி நின்றதும் முதலில் காதில் விழும் கேள்வி, "உனக்கு எவ்வளவு மிச்சம்?" என்பதுதான். சிலிண்டரில் 90 பார் (காற்றழுத்தத்தின் அளவு) என்று சொல்பவர் சத்தமாகச் சொல்வார். 40 என்றால் குரல் கொஞ்சம் இறங்கும். பரீட்சை மார்க் மாதிரி ஆகிவிட்டது இந்த மிச்சக் காற்று. டர்பன் பக்கம் வார இறுதிகளில் கடலுக்குப் போகும் எங்கள் சின்னத் தமிழ்க் கூட்டத்திலும் இதே பேச்சுதான்.

எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. கீழே இருக்கும்போது எந்த அளவில் "போதும், ஏறலாம்" என்று முடிவெடுத்தாய், அந்த அளவை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. அப்படிக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வரும் பதில், "50 பாரில் மேலே வரச் சொல்லிக் கொடுத்தார்கள்" என்பதுதான். 10 மீட்டரானாலும் 50, 30 மீட்டரானாலும் 50. இது எப்படிச் சரியாகும்?

கூட்டத்தில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் கணக்குக்கு உதவும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், உம்லாங்கா எல்லாம் டர்பன் பக்கத்துப் பகுதிகள். நான் தூத்துக்குடிக்காரன், வேலை டர்பன் துறைமுகத்தை ஒட்டி. சாட்ஸ்வொர்த் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வழிவந்தவர், நல்ல ஆகிருதி, அறுபதை நெருங்குகிறார். ஃபீனிக்ஸ் அக்கா பள்ளிக்கூட டீச்சர், ஒல்லி. அப்புறம் உம்லாங்காவில் தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சென்னைத் தம்பி. அவர் லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை.

நாங்கள் போகிற இடம் அலிவால் ஷோல். டர்பனுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உம்கொமாஸ், அங்கிருந்து கடலுக்குள் 5 கிலோமீட்டர் அளவில் இந்தப் பாறைத்திட்டு. ஒரு காலத்தில் மணல்மேடாக இருந்து இறுகிக் கல்லானது. 1849-இல் இங்கே மோதப்பார்த்துத் தப்பிய அலிவால் என்ற கப்பலின் பெயரைத்தான் திட்டுக்கு வைத்திருக்கிறார்கள். தப்பாத கப்பல்களும் உண்டு. 1974-இல் புரொடியூஸ் என்ற கப்பல் கரும்புச் சக்கைப்பாகு ஏற்றிக்கொண்டு போகும்போது மோதி மூழ்கி, இப்போது 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. "நம்ம ஆளுங்க வெட்டுன கரும்புப் பாகுதான் தம்பி அதுக்குள்ள இருந்துது" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

இந்தக் கடலில் காற்றுக் கணக்கு ஏன் தனியாக வேண்டும் என்றால், இங்கே எதுவும் சாவகாசமாக நடப்பதில்லை. ரப்பர் படகு ஆற்று முகத்துவாரத்தில் அலைகளை உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். காலைப் பட்டையில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருப்போம். அடிவயிறு ஒருமுறை மேலே போய் இறங்கும். திட்டுக்கு மேலே போனதும் ஸ்கிப்பர் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார், எல்லாரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து விழுந்து நேராகக் கீழே. மேலே மிதந்துகொண்டு மாஸ்க்கைச் சரிசெய்யலாம் என்றால் நீரோட்டம் உங்களைத் திட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். கீழே போனபிறகும் நீரோட்டத்தோடு மிதந்து போவதுதான். கூட்டத்தை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் கையில் மிதவைக் கயிறு இருக்கும், படகு அந்த மிதவையைப் பார்த்துப் பின்னாலேயே வரும்.

இதில் ஒரு வசதி, படகு இருக்கும் இடத்துக்கு நீந்தித் திரும்பத் தேவையில்லை. நங்கூரம் போட்ட படகிலிருந்து குதிக்கும் ஊர்களில், போன வழியே திரும்பவும் காற்று ஒதுக்க வேண்டும். இங்கே அது மிச்சம். ஒதுக்க வேண்டியது மேலே ஏறும் காற்றை மட்டும். ஆனால் அதை ஒழுங்காக ஒதுக்க வேண்டும்.

முதலில் அடிப்படை. கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றி 1 பார் அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4. ஒரே மூச்சுக்கு 30 மீட்டரில் நான்கு மடங்கு காற்று செலவாகும். இது பயிற்சியில் எல்லாரும் படித்ததுதான். படிக்காமல் விடுவது, தன் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது.

அதை அளப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 15 மீட்டர் அளவில் ஒரே ஆழத்தில் 10 நிமிடம் சாதாரணமாக நீந்துங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கேஜை, அதாவது சிலிண்டர் அழுத்தம் காட்டும் மானியைப் பார்த்துக் கைப்பலகையில் எழுதுங்கள். எனக்கு 12 லிட்டர் சிலிண்டரில் 35 பார் குறைந்தது. 35 ஐ 12 ஆல் பெருக்கினால் 420 லிட்டர். 10 நிமிடத்தால் வகுத்தால் 42. 15 மீட்டரில் அழுத்தம் 2.5 பார், அதனால் 2.5 ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 17 லிட்டர். இதுதான் கடல் மட்டத்துக்கு மாற்றிய என் மூச்சுக் கணக்கு. அண்ணனுக்கு அதே நேரத்தில் 50 பார் போயிருந்தது, அதாவது 24 லிட்டர். அக்காவுக்கு 27 பார், 13 லிட்டர். சும்மா கல்லில் உட்கார்ந்து அளக்காதீர்கள், அந்த எண் பொய் சொல்லும்.

அண்ணனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. "நான் வேஸ்ட் பண்றேனா?" என்றார். வேஸ்ட் இல்லை. உடம்பு பெரிது, நுரையீரல் பெரிது, தேவையும் பெரிது. 24 லிட்டர் என்பது அந்த ஆகிருதிக்குக் கெட்ட எண்ணே இல்லை. அக்கா மாதிரி ஆக வேண்டும் என்று அவர் மூச்சை அடக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது முக்கியமான கணக்கு. அலிவாலில் கதீட்ரல் என்று ஓர் இடம் இருக்கிறது. மேலே திறந்த பெரிய பாறைக்கூடம், தரை 27 மீட்டர் அளவில். அங்கே என் ஜோடிக்கு, அதாவது கூடவே நீந்தும் துணைக்கு, காற்று முழுதாக நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் இருக்கும் காற்றில் இருவரும் மேலே வர வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் எடுப்பார். எனக்கும் பதற்றம்தான், நானும் 30. இருவருக்குமாக 60.

அவர் கையைக் காட்டி, நான் மாற்று ரெகுலேட்டரை (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) கொடுத்து, கையைப் பிடித்து நிலைக்கு வர ஒரு நிமிடம். அங்கே அழுத்தம் 3.7 பார். 60 பெருக்கல் 3.7, சுமார் 222 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.35. அது 423 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம், அங்கே 1.5 பார், 270 லிட்டர். கூட்டினால் 915 லிட்டர்.

12 லிட்டர் சிலிண்டரில் இது 76 பார். நாங்கள் 80 என்று வைத்துக்கொள்கிறோம். 10 லிட்டர் சிலிண்டரானால் 92 பார். 50 பாரில் 27 மீட்டரை விட்டுக் கிளம்புகிறவர் தனக்கு மட்டும் காற்று வைத்திருக்கிறார், ஜோடிக்கு வைத்திருக்கவில்லை. இதே கணக்கை 18 மீட்டருக்குப் போட்டால் 666 லிட்டர், 12 லிட்டர் சிலிண்டரில் 56 பார். ஆக அந்த 50 பார் விதி ஆழம் குறைந்த இடத்தில் பிறந்த விதி, அங்கேயே இருக்கட்டும். புரொடியூஸ் கிடக்கும் 30 மீட்டருக்கு 1000 லிட்டருக்கு மேல் வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தில் மேலே படகில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கச்சி தாலிக்கு அவன்தானே கவலைப்படுவான். இங்கே நமக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் நீந்துகிறவரின் சிலிண்டரில் நமக்கென்று அவர் வைத்திருக்கும் காற்றுதான் கயிறு. அவர் வைத்திருக்கிறாரா என்று குதிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இந்த ஒதுக்கீட்டை எடுத்து வைத்த பிறகுதான் டைவ் எவ்வளவு நேரம் என்பது வரும். 200 பாரில் 12 லிட்டர் சிலிண்டர் 2400 லிட்டர். 80 பாரை ஒதுக்கினால் மிச்சம் 120 பார், 1440 லிட்டர். கதீட்ரலைச் சுற்றி சராசரி 25 மீட்டர் என்றால் அழுத்தம் 3.5. அண்ணன் நிமிடத்துக்கு 84 லிட்டர் எடுப்பார், 17 நிமிடம். நான் சுமார் 60 லிட்டர், 24 நிமிடம். அக்கா 45 லிட்டர், 31 அல்லது 32 நிமிடம். ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாகும். அதைத் தவிர்க்க 25 மீட்டருக்குப் பொழுதுபோக்கு டைவ் அட்டவணை காட்டும் வரம்பு 29 நிமிடம். ஆக அக்காவுக்குக் காற்றுக்கு முன்னால் நைட்ரஜன் வரம்பு வந்துவிடும், அண்ணனுக்கு நைட்ரஜன் பக்கத்தில் வருவதற்குள் காற்று முடிந்துவிடும். ஒரே ஜோடியில் ஒருவர் கேஜையும் மற்றவர் டைவ் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் இருவருக்கும் முடிவு.

அண்ணனுக்கு இதில்தான் வருத்தம். தன்னால் மற்றவர்கள் சீக்கிரம் ஏற வேண்டியிருக்கிறது என்று. இதற்கு நான் சொன்ன வழி மிக எளிது, 15 லிட்டர் சிலிண்டர் கேளுங்கள். "பெரிய பாட்டில் எல்லாம் புதுசா வர்றவங்களுக்குத் தம்பி, எனக்கு எதுக்கு?" என்றார். கணக்கைக் காட்டினேன். 15 லிட்டர், 200 பார், 3000 லிட்டர். 915 ஐ ஒதுக்கினால் 2085. அதை 84 ஆல் வகுத்தால் 25 நிமிடம் வருகிறது. என்னோடு சரிக்குச் சரி. அவருடைய ஒதுக்கீடும் பாரில் சொன்னால் 61 தான், 65 என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடையது 80. சிலிண்டர் வேறு வேறாக இருக்கும்போது ஒதுக்கீட்டை லிட்டரில் பேசிவிட்டு, அவரவர் பாருக்கு மாற்றிக்கொள்வதுதான் முறை. இல்லாவிட்டால் "உனக்கு 80, எனக்கு மட்டும் ஏன் 65?" என்ற குழப்பம் படகில் வரும்.

இப்போது அவரே கடையில் முதல் ஆளாகப் போய்ப் பெரியதை எடுத்துவிடுகிறார். காற்றைச் சேமிக்க எத்தனையோ உபாயம் சொல்வார்கள், பெரிய சிலிண்டர் அளவுக்கு எதுவும் பலன் தருவதில்லை என்பது என் கட்சி.

சென்னைத் தம்பி என்னோடு ஜோடியாக வந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். கதீட்ரல்தான். நீரோட்டம் கொஞ்சம் கூடுதல், கீழே அலைவீச்சும் இருந்தது. 10 நிமிடத்தில் அவர் கேஜ் 145 காட்டியது, திட்டத்துக்குள்தான். அப்போது பாறை ஓரத்தில் ஒரு பெரிய திருக்கை. தம்பி கேமராவோடு அதை நோக்கி நீரோட்டத்துக்கு எதிராகக் காலை உதைக்க ஆரம்பித்தார். பின்னால் நான் பார்த்துக்கொண்டிருந்தது திருக்கையை இல்லை, தம்பியின் குமிழிகளை. முதலில் ஒரு கொத்து, இடைவெளி, அடுத்த கொத்து என்று போய்க்கொண்டிருந்தது, பிறகு இடைவெளியே இல்லாமல் வெள்ளைத் தூண் மாதிரி எழும்பியது. தொட்டுக் கேஜைக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் 145 இலிருந்து 85.

கட்டைவிரலை உயர்த்தினேன், மேலே போகலாம் என்ற சைகை. டைவ் மாஸ்டருக்குச் சொல்லிவிட்டு, எங்கள் சொந்த மிதவையை மேலே அனுப்பி இருவரும் ஏறினோம். மேலே வந்தபோது அவரிடம் 60 பார் இருந்தது. படகில் ஏறியதும் அவருக்கு ஆற்றாமை. "80 கிட்ட இருந்துச்சே அண்ணா, இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கலாமே."

சரி, பத்து நிமிடத்தைப் பார்ப்போம். 60 பார் பெருக்கல் 12, 720 லிட்டர். ஐந்து நிமிடத்தில். 3.5 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல். வழக்கமாக அவருக்கு 20. நீரோட்டத்தை எதிர்த்து உதைத்ததில் இரண்டு மடங்காகிவிட்டது. அதே வேகத்தில் போனால் நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 12 பார். 80 பார் ஏழு நிமிடம்கூட வராது, அதுவும் மேலே ஏறக் காற்றே ஒதுக்காமல். கைப்பலகையில் போட்டுக் காட்டியதும் தம்பி வாயை மூடிக்கொண்டார். மேலே கொண்டுவந்த அந்த 60 பார் வீணானதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் என் பங்கு. எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேஜைப் பார்ப்பது எல்லாரும் செய்வது. நாங்கள் பார்க்கும் முன் மனதில் ஓர் எண்ணை நினைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் எனக்கு ஐந்து நிமிடத்துக்கு 25 பார். அண்ணனுக்குப் பெரிய சிலிண்டரில் 28. நினைத்ததும் காட்டுவதும் ஒத்துப்போனால் சரி. 10 பார் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒன்று நடக்கிறது. ஒன்று அதிகமாக உழைக்கிறோம், அல்லது எங்கோ கசிகிறது, அல்லது நினைத்ததைவிட ஆழத்தில் இருக்கிறோம்.

கேஜ் முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் அண்ணனின் பக்கி, அதாவது பிக்கப் வண்டியின் பின்தட்டில் சிலிண்டர்கள் வெயிலில் கிடக்கும். தொட்டால் சுடும். அப்போது கேஜை மாட்டினால் 200 காட்டும். தண்ணீரில் இறங்கி இரண்டு நிமிடம் ஆனதும் 185. யாரும் மூச்சில் 15 பாரை விழுங்கிவிடவில்லை. 45 டிகிரியில் இருந்த காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் அழுத்தம் அவ்வளவு குறையும். அதனால் வெயிலில் காட்டிய எண்ணை வைத்துத் திட்டம் போடாதீர்கள். சிலிண்டர் மேல் ஈரச் சாக்கோ துண்டோ போட்டு வையுங்கள், கடற்கரையில் இருக்கும்போதே உண்மை எண் தெரிந்துவிடும்.

அப்புறம், குதிக்கும் முன் ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுத்துக்கொண்டே முள்ளைப் பாருங்கள். அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சட்டென்று விழுந்து திரும்பி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே மூச்சு வரும், கீழே 20 மீட்டரில் இழுத்தால் வராது. இங்கே எல்லாரும் ஒன்றாகக் குதித்து நேராக இறங்குவதால், மேலே சரிபார்க்க இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இனி காற்றுச் செலவைக் குறைப்பது. நான் முதலில் பார்ப்பது இடுப்பு ஈயத்தை. அண்ணன் 5 மில்லிமீட்டர் உடைக்கு 12 கிலோ கட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "சீக்கிரம் கீழ போகணும்ல" என்றார். நியாயம்தான், இங்கே சீக்கிரம் இறங்க வேண்டும். ஆனால் அது ஜாக்கெட்டில் (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பு) காற்றே இல்லாமல் குதித்து, தலைகீழாகத் திரும்பி உதைத்தால் நடக்கும். ஈயத்தில் இறங்கினால், கீழே அந்த ஈயத்தைத் தூக்கி நிறுத்த ஜாக்கெட்டில் காற்று ஊத வேண்டும். 3 கிலோ அதிகம் என்றால் ஏறக்குறைய 3 லிட்டர் காற்று முதுகில் உப்பலாக நிற்கும். அந்த உப்பல் நீரைத் தள்ளும், கால்கள் கீழே தொங்கும், உடம்பு சரிவாக நிற்கும், ஒவ்வோர் உதையிலும் பாதி வீண். ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று விரியும், சுருங்கும், விடுவதும் ஊதுவதுமாகவே நேரம் போகும்.

சரியான எடையைப் பார்க்கும் நேரம் டைவின் கடைசி. சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது 5 மீட்டரில், ஜாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, மூச்சிலேயே நிலையாக நிற்க முடிந்தால் எடை சரி. தொடக்கத்தில் பார்த்து ஏமாறக் கூடாது, ஏனென்றால் 150 பார் காற்று என்பது 12 லிட்டர் சிலிண்டரில் 2 கிலோவுக்கு மேல் எடை. அது போனபிறகும் கீழே நிற்க முடிய வேண்டும். அண்ணன் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றி 9 கிலோவுக்கு வந்தார். அவருடைய எண் 24 இலிருந்து 21 ஆனது, மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே. பெரிய சிலிண்டர் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

மூச்சு விஷயத்தில் நம் ஆட்களிடம் ஒரு தனிப் பிரச்சினை உண்டு, பிராணாயாமம். 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்கு தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருப்பார். பூரகமும் ரேசகமும் தண்ணீருக்குள்ளும் நல்லதுதான். நிதானமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுவது காற்றுச் செலவையும் மனதையும் ஒன்றாக அமர்த்தும். கும்பகம் மட்டும் கரையோடு இருக்கட்டும். நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடைத்து ஓரிரு மீட்டர் மேலே எழும்பினாலே நுரையீரல் கிழியும் வாய்ப்பு உண்டு. அலைவீச்சு தூக்கிப்போடும் இந்தக் கடலில் அது நம் கையிலும் இல்லை.

முழுதாக அடைக்காமல், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேண்டுமென்றே நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. கேஜில் நல்ல எண் காட்ட ஆசை. உடம்பு அடுத்த மூச்சைக் கேட்பது ஆக்ஸிஜன் குறைந்து இல்லை, கரியமிலவாயு கூடியதால். நிறுத்தி வைத்தால் அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். பலன், திரும்பி டர்பனுக்கு வண்டி ஓட்டும்போது நெற்றிப்பொட்டில் தலைவலி. அதைவிட மோசம், கீழே இருக்கும்போதே காரணமில்லாத பதற்றம், மூச்சு வாங்கல். சேமித்ததெல்லாம் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

இந்தத் திட்டில் காற்றைக் கையாளத் தெரிந்தது ஒருவர்தான், ராகி. ஜூனிலிருந்து நவம்பர் வரை இங்கே வந்து கூடும் சுறா, பல்லெல்லாம் வெளியே துருத்தி, பார்க்கப் பயங்கரம், குணம் சாது. மீனுக்கு இருக்கும் நீச்சல்பை சுறாவுக்குக் கிடையாது. இது மேலே போய் வாயால் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, உதைக்காமல் அப்படியே நடுநீரில் நிற்கும். ராகீஸ் கேவ் முன்னால் சுமார் 18 மீட்டரில் மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நம் செலவும் தானாகக் குறையும். நகராமல் இருப்பதுதான் காரணம்.

ராகி வரும் காலத்திலேயே புரட்டாசியும் வந்துவிடும். இங்கே தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி விரதம் கண்டிப்பு. அண்ணன் வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை பூஜை முடியும்வரை சாப்பாடும் கிடையாது. அந்தச் சனிக்கிழமைகளில் அவர் டைவுக்கு வருவதில்லை. வெறும் வயிறு, கடல் குமட்டல், 20 டிகிரித் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் மூச்சு எங்கே நிற்கும்? குளிரில் நடுங்கும் உடம்பு சும்மா நின்றாலும் காற்றைத் தின்னும். ஞாயிறன்று வருவார், கையில் இட்லிப் பொட்டலத்தோடு.

கடைசி நிமிடத்துக்கும் கொஞ்சம் காற்று வேண்டும், பலர் இதை மறக்கிறார்கள். மேலே வந்ததும் டைவ் முடியவில்லை. மேலே அலை முகத்தில் அடிக்கும். படகு பக்கத்தில் வரும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க வேண்டும், ஜாக்கெட்டை ஊதவும் காற்று வேண்டும். எடை பெல்ட்டைக் கழற்றி மேலே கொடுத்து, பிறகு சிலிண்டரோடு ஜாக்கெட்டைக் கொடுத்து, பிறகு ஃபின்னை உதைத்து ரப்பர் விளிம்பில் எம்பி ஏற வேண்டும். 10 பாரோடு மேலே வந்தவர் இந்த வேலையை உப்புத்தண்ணீர் குடித்துக்கொண்டே செய்வார்.

திட்டமிடலில் இங்கே இன்னொரு கோணம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து அண்ணனின் சொந்தக்காரர்கள் வருவார்கள். வெள்ளி இரவு வண்டி எடுத்து, சனிக்கிழமை இரண்டு டைவ், ஞாயிறு காலை இரண்டு, மதியம் கிளம்பி இரவுக்குள் வீடு என்று திட்டம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகும் வழியில் வான் ரீனன் கணவாய் 1,600 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட இணையான உயரம் இது. பல டைவ் செய்தபின் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம். கார் என்பதால் நைட்ரஜன் தள்ளுபடி தராது.

அவர்கள் போன முறை வந்தபோது அண்ணன்தான் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினார். சனிக்கிழமை காலை முதலில் கதீட்ரல், ஆழமானது முதலில். ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, பிறகு 15 மீட்டர் ஆழத்துக்கு மிகாத பவளப்பகுதியில் இரண்டாவது. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே. ஞாயிறு டைவ் இல்லை. காலையில் அம்கேனி ரோடு கோயில், பிறகு பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு), பதினோரு மணிக்குமேல் வண்டி. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஞாயிறு ஒன்றாவது போகலாமே என்று. அண்ணன் விடவில்லை. அடுத்த முறை திங்கட்கிழமை லீவு எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அப்போது ஞாயிறும் போகலாம், புரொடியூஸுக்கு. எல்லாருக்கும் 15 லிட்டர் சிலிண்டர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.